‘சின்னக் காயம்தானே!’ - விரலைக் காப்பாற்றும் முதல் ஒரு மணி நேரம்

துண்டான விரலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருபவர்கள், அந்த விரலை எதில் எடுத்து வருகிறார்கள் தெரியுமா? கர்ச்சீப்பில் முடிந்து, சட்டைப் பையில் போட்டு, டிபன் பாக்ஸில் வைத்து... கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, அதற்குள் விரலைப் புதைத்து எடுத்து வருகிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் சரியான வழி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், நேரடியாக ஐஸில் புதைந்த விரல் உறைந்துபோகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதைந்துவிடுகின்றன. ஒட்டவைக்க வாய்ப்பிருந்த விரல், வரும் வழியிலேயே வீணாகிவிடுகிறது.

அரிவாள்மனையோ, கிரைண்டரோ, கதவிடுக்கோ, பிரஸ் மெஷினோ... விபத்து நடப்பது ஒரு நொடியில். அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர்களும், பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்களும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பல விரல்களின் கதி முடிவாகிறது. காபித்தூளை அப்புவது, ‘தையல் போட்டால் சரியாயிடும்’ என்று தெருமுனை கிளினிக்கோடு நிறுத்திக்கொள்வது, ‘விரல்தானே’ என்று இரண்டு நாள் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பவைதான்.

ஐஸ் வேண்டும்... ஆனால், விரலில் படக் கூடாது

முதலில் ரத்தம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்த வேண்டும். ‘நின்றுவிட்டதா’ என்று நிமிடத்துக்கு ஒரு தடவை துணியை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி ஒழுகத் தொடங்கும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். விரலின் அடியில் கயிறு, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கக் கூடாது. விரலில் வரும் ரத்தம் அநேகமாக அழுத்தத்துக்கே கட்டுப்படும். கயிறு கட்டினால் மிச்சமிருக்கும் விரலுக்குப் போகும் ரத்தமும் நின்றுவிடும். அதைக் கட்டியதையே மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மோதிரம், வளையல் இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் கை வீங்கிவிட்டால் கழற்றவே முடியாது.

அடுத்து துண்டான பாகம். மண், எண்ணெய் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசினால் போதும். தேய்க்கக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட், மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த ஈரத்துணியில் விரலைச் சுற்றுங்கள். அதை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, தண்ணீர் புகாதபடி இறுக்கமாகக் கட்டுங்கள். இன்னொரு பாத்திரத்தில் பாதி ஐஸும் பாதி தண்ணீருமாக எடுத்துக்கொண்டு, கட்டிய கவரை அதற்குள் வையுங்கள். விரலுக்குக் குளிர்ச்சி வேண்டும். ஆனால் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

விரல் முழுதாகத் துண்டாகாமல் கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தத் தோலை வெட்டிவிடாதீர்கள். அந்தச் சிறு தோல் வழியாகக்கூட ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். விரலை இயல்பான நிலையில் வைத்து, ஈரத்துணி சுற்றி, அட்டையோ ஸ்கேலோ அண்டைக் கொடுத்துக் கட்டி அழைத்துச் செல்லுங்கள். நசுங்கிய துண்டாக இருந்தாலும், ‘இது எதுக்கு ஆகும்’ என்று குப்பையில் போடாமல் கொண்டுபோங்கள். ஒட்டவைக்க முடியாவிட்டாலும் அதிலிருந்து தோலையோ எலும்பையோ மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்புண்டு. காயம்பட்டவருக்கு சோடா, காபி, டீ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், சாப்பிட்ட வயிறு சிக்கலாகிவிடும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? விரலுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கி நீட்டுகிற தசைகள் முன்னங்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. ரத்தம் நின்றால் முதலில் கெட்டுப்போவது தசைதான். அதனால் சரியாகக் குளிர்ச்சியில் வைத்த விரல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் மணிக்கட்டோடோ அதற்கு மேலோ துண்டானால், தசை இருப்பதால் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் 6 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே விரல் துண்டானால் கிடைத்த வண்டியில் ஏறிக் கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதைவிட, மைக்ரோ சர்ஜரி செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் எங்கே இருக்கிறார் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 108-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கி வருபவர்கள்தான் நேரத்தை அதிகம் இழக்கிறார்கள்.

‘நரம்பு கட் ஆயிடுச்சு’ - எந்த நரம்பு?

துண்டாகும் காயத்தைப் பார்த்தால் யாருமே பதறி ஓடிவிடுவார்கள். ஏமாற்றுவது அரை இன்ச் வெட்டுதான்.

தமிழில் நமக்கு எல்லாமே ‘நரம்பு’தான். கையில் நீலமாகத் தெரிவதும் நரம்பு. மரத்துப்போனாலும் நரம்பு. விரல் மடங்காவிட்டாலும் ‘நரம்பு கட்’. மருத்துவர்களுக்கு இவை மூன்றும் வேறு வேறு. ரத்தம் ஓடுவது ரத்தக்குழாய். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோவது நரம்பு. தசையையும் எலும்பையும் இணைத்து விரலை இழுக்கிற கயிறு போன்றது தசைநாண். விரலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரத்தக்குழாய், ஒவ்வொரு நரம்பு. உள்பக்கம் நடுவில் தசைநாண்; கட்டைவிரல் தவிர மற்ற விரல்களில் இரண்டு. இத்தனையும் தோலுக்கு சில மில்லிமீட்டர் கீழேயே இருக்கின்றன. வயிற்றில் இருப்பது போல கொழுப்பு மெத்தை எதுவும் இங்கே கிடையாது.

கண்ணாடி டம்ளருக்குள் கையை நுழைத்துத் தேய்க்கும்போது அது உடைந்து குத்துகிறது. ரத்தத்தை நிறுத்தி, தோலுக்கு இரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தையல் பிரிக்கும் நாளில்தான், அந்த விரலின் நுனி மட்டும் மடங்கவில்லை என்பது தெரிகிறது. உள்ளே அறுந்த தசைநாண், இழுத்துவிட்ட ரப்பர் போல உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போயிருக்கும். முதல் சில நாள்களில் என்றால் நேரடியாக இழுத்துத் தைத்துவிடலாம். வாரக்கணக்கில் தள்ளிப்போனால் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்துவைத்து, சில நேரம் இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். உள்ளங்கை நடுவிலிருந்து விரலின் நடுக்கணு வரையிலான பகுதியை அந்தக் கால அறுவை சிகிச்சை நிபுணர்கள் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்றே அழைத்தார்கள், யாரும் கைவைக்கத் துணியாத இடம் என்ற அர்த்தத்தில். இன்றைக்கு அங்கும் தைக்கிறார்கள். ஆனால் அது கை அறுவை சிகிச்சை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ரத்தம் நின்றதும், விரல்களை மெதுவாக நீட்டச் சொல்லுங்கள், பிறகு மெதுவாக மடக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் நீட்டிக்கொண்டு நின்றாலோ, நுனி மட்டும் மடங்காவிட்டாலோ தசைநாணில் சந்தேகம். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இடது பக்கமும் வலது பக்கமும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்த மாதிரி இருக்கிறது என்றால் நரம்பு. நுனி வெளிறி, சில்லிட்டிருந்தால் ரத்தக்குழாய். இதில் எது இருந்தாலும், ‘ரெண்டு தையல் போட்டுவிடுங்க’ என்று நாமே தீர்ப்பு சொல்லாமல், ‘உள்ளே அறுந்திருக்கிறதா பாருங்கள்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

வலியே இல்லாத காயம் இன்னும் மோசம். கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி-யில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன என்று ஆராய்ந்தார். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது, காயத்தோடேயே வேலை செய்வது என்று தெரியாமலே அடிபட்டு அடிபட்டுத்தான் விரல்கள் போகின்றன என்று அவர் கண்டறிந்தார். பல வருடச் சர்க்கரை நோயால் கை மரத்துப்போயிருக்கும் அம்மா, அப்பாக்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் ‘வலிக்கலையே’ என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். கையை வாங்கி நீங்களே பாருங்கள்.

அடுப்படியும் கதவிடுக்கும்

கிரைண்டர் ஓடும்போதே ஓரத்து மாவைக் கையால் தள்ளிவிடுவது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் விரல் போனால் எலும்பும் சேர்ந்து நசுங்கும். கத்தி வெட்டை ஒட்டவைப்பதுபோல நசுங்கியதை ஒட்டவைப்பது சுலபமல்ல. நீளமான கரண்டி ஒன்றைக் கிரைண்டரின் பக்கத்திலேயே வைத்தால் பாதிப் பிரச்னை தீரும். முந்தானை, துப்பட்டா, தலைமுடியைக் கட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் போகவே வேண்டாம். மிக்ஸியில் பிளேடு சிக்கிக்கொண்டால், சுவிட்சை அணைத்தது போதாது; பிளக்கைப் பிடுங்கி, ஜாரைக் கழற்றிவிட்டுத்தான் விரலை விட வேண்டும்.

கை உள்ளே மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெஷினைக் கழற்றத் தெரிந்தவரை அழையுங்கள். கரும்புச் சாறு பிழியும் உருளைக்குள் கை போனாலும் இதேதான். பதற்றத்தில் இழுக்கும்போது தோல் கையுறை போல உரிந்து வந்துவிடும். அது மெஷின் செய்ததைவிடப் பெரிய சேதம்.

குட்டிக் குழந்தைகளுக்குக் கதவுதான் எதிரி. பெரும்பாலும் கீல் இருக்கும் பக்கத்து இடுக்கில்தான் விரல் மாட்டுகிறது. கைப்பிடிப் பக்கத்தைத்தான் நாம் கவனிக்கிறோம். கீல் பக்கம் குழந்தை நிற்பது கண்ணில் படுவதில்லை. இதில் ஒரு நல்ல சேதி உண்டு. சின்னக் குழந்தைகளின் விரல் நுனி ஆச்சர்யமான அளவுக்குத் தானாகவே வளர்ந்து ஆறும். நுனிச் சதை மட்டும் போயிருந்தால் பெரிய ஆபரேஷன் இல்லாமல், சரியான கட்டு மட்டும் போட்டு விடுவதும் உண்டு. நகம் பெயர்ந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நகத்தின் அடியில் இருக்கும் படுகை கிழிந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சரியாகத் தைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க நகம் கோணலாகவே முளைக்கும். பெரியவர்களுக்கு கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. புது நகம் முழுதாக வர ஐந்தாறு மாதங்கள் ஆகும்.

தெரு கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு ஒன்று. பந்து நேராக விரல் நுனியில் பட்டு, நுனி மட்டும் கீழே தொங்கிவிட்டால் அதை நீவி, இழுத்துச் சொடக்கெடுக்காதீர்கள். நுனியை நிமிர்த்துகிற தசைநாண் விட்டுப்போயிருக்கும். இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். விரல் நுனியை நேராக வைக்கும் சின்னக் கட்டை ஆறு முதல் எட்டு வாரம் வரை கழற்றாமல் போட்டிருந்தாலே சேர்ந்துவிடும். ‘கழற்றாமல்’ என்றால் குளிக்கும்போதும்தான். ஒரு தடவை நுனி மடங்கிவிட்டால்கூட நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் பெட்ஷீட்டைச் செருகும்போதுகூட இப்படி ஆவதுண்டு.

குழந்தையின் விரலில் மோதிரம் சிக்கி, தீயணைப்பு வீரர்கள் வெட்டி எடுத்த செய்தி அவ்வப்போது வருகிறது. வீட்டிலேயே முயன்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கையைக் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்து, சோப்போ எண்ணெயோ தடவிப் பாருங்கள். வராவிட்டால் பூக்கட்டும் நூல் போன்ற கெட்டியான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் செருகி, உள்ளங்கைப் பக்கம் வெளியே எடுங்கள். மிச்ச நூலை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, வீக்கம் அமுங்கும்படி நெருக்கமாக விரல் கணுவைத் தாண்டும்வரை சுற்றுங்கள். இப்போது செருகிய முனையைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாகப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரமும் அதோடு நகர்ந்து வரும். விரல் நீலம் பாரித்திருந்தாலோ, எலும்பு முறிந்த மாதிரி இருந்தாலோ இதெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் கூடாது.

இரண்டு பட்டன்கள் எதற்கு?

அம்பத்தூர், ஓசூர், கோவை பக்கத்துப் பட்டறைகளில் தகட்டை வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பிரஸ்களில் இரண்டு பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால், அச்சுக்குள் கை இருக்க முடியாது. எவ்வளவு எளிமையான யோசனை! ஆனால் ஒரு பட்டனில் குச்சியைச் செருகியோ ரப்பர் பேண்டு போட்டோ நிரந்தரமாக அழுத்திவைத்துவிட்டு, ஒரு கையால் தகட்டைப் போட்டு, இன்னொரு கையால் ஓட்டுகிற இடங்கள் இருக்கின்றன. காரணம் சோம்பேறித்தனமல்ல. ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்குதான். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று விபத்து அறிக்கையில் எழுதும்போது, அந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்பது எழுதப்படுவதில்லை.

ஹரியானாவின் குருகிராம், மானேசர் பகுதியில் ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களுக்காக வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு, 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. நாம் ஓட்டும் பைக், காரின் சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் இடங்களில் பவர் பிரஸ்தான் விரல்களை அதிகம் பறிக்கிறது என்று அவை சொல்கின்றன. இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. அடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இ.எஸ்.ஐ அட்டையே விபத்து நடந்த பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது.

கையுறை போட்டால் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். துணி வெட்டும் மெஷினுக்கு ஸ்டீல் வலைக் கையுறை சரி. தகட்டின் ஓரம், கண்ணாடி, சூடு இதற்கெல்லாமும் கையுறை வேண்டும். ஆனால் சுற்றுகிற மெஷின், அதாவது டிரில்லிங், லேத் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. கையுறையின் நூல் ஒன்று சிக்கினாலும் போதும், கையையே சேர்த்து இழுத்துக்கொள்ளும். மோதிரம், கையில் கட்டும் கயிறு, தொளதொள சட்டைக் கை இவையும் அப்படித்தான்.

மெக்கானிக் ஷெட்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு காயம் உண்டு. கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே, டீசல் இன்ஜெக்டர் இவற்றிலிருந்து அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் திரவம் விரலில் பட்டால், ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே அந்தத் திரவம் தசைநாணின் உறை வழியாக உள்ளங்கை வரை பாய்ந்திருக்கும். சில மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாத காயம் இது.

சட்டம் போடும் விலை

ஒரு விரலின் மதிப்பு என்ன? இதற்குச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவிகிதம் போகிறது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7. எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் ஆள்காட்டிக்கு 5, சுண்டுவிரலுக்கு 2. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இரண்டு கைகளும் போனால் 100. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இப்படியொரு பட்டியல் தொடர்கிறது.

1923 சட்டத்தின் கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கூலியில் 60 சதவிகிதம், அதாவது 9,000. அதை அந்த வயதுக்கு உரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, விரலுக்கான சதவிகிதத்தைப் போட வேண்டும். ஆள்காட்டி விரலுக்கு சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம். சுண்டுவிரலுக்கு சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம். கட்டைவிரலுக்கு சுமார் 5 லட்சத்து 61 ஆயிரம்.

ஏகலைவனிடம் துரோணர் சுண்டுவிரலைக் கேட்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு கையின் வேலையில் சுமார் 40 சதவிகிதம் கட்டைவிரலைச் சார்ந்தது என்பது மருத்துவர்களின் கணக்கு. ஆனால் சுண்டுவிரலுக்கு வெறும் 7 என்பது எனக்கு உறுத்துகிறது. சுத்தியலையோ மண்வெட்டியையோ இறுக்கிப் பிடிக்கும்போது பலம் கொடுப்பவை சுண்டுவிரலும் மோதிர விரலும்தான். பட்டியலுக்கு விரல் தெரிகிறது. அந்த விரலுக்குரியவர் என்ன வேலை செய்கிறார் என்பது தெரிவதில்லை. 1970-களில் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தது. தச்சுத்தொழிலாளி ஒருவருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரு கைதானே போனது என்றது முதலாளி தரப்பு. ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம்தான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை இழப்பீட்டு வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு வழி வேறு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் அதில் வருவார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலை செய்ய முடியாத நாள்களுக்குக் கூலியில் 90 சதவிகிதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சதவிகிதத்தை முடிவு செய்து, மாதாமாதம் பணம் வரும். இ.எஸ்.ஐ இல்லாதவர்கள் தங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இழப்பீடு கேட்கலாம்.

இதெல்லாம் கிடைப்பதும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ‘எப்படி அடிபட்டது’ என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். நாம் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது அதைத்தான். கூட வந்த சூப்பர்வைசர் ‘வீட்டில் கதவில் நசுங்கிருச்சுனு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கறோம்’ என்பார். வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். செலவு இரண்டு வாரத்தில் நின்றுவிட்டால், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தக் காகிதத்தில் ‘கதவு’ என்றுதான் இருக்கும். எந்த இடத்தில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்பதை உள்ளபடி சொல்லி எழுதவையுங்கள். பிரதி ஒன்றை வாங்கி போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நூலிழையில் ஒரு விரல்

1965-ல் ஜப்பானின் நாரா நகரில், கொமட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள் முழுதாகத் துண்டான ஒரு கட்டைவிரலை, ரத்தக்குழாய்களோடு இணைத்து உயிர்ப்பித்தார்கள். விரலின் ரத்தக்குழாய் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருக்கியடிக்கும் வடசென்னையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-ல் டாக்டர் ஆர்.வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முன்னோடி அது. சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியைப் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவர் 1980-ல் வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே உலகெங்கும் அது அறியப்படுகிறது. 2018-ல் அதே மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு இரண்டு கைகளும் மாற்றிப் பொருத்தப்பட்டன. கோவையில் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசபாபதி குழுவினர் துண்டான கை, விரல்களை ஒட்டவைப்பதில் உலக அளவில் அறியப்பட்டவர்கள்.

ஒட்டவைக்க முடியாத விரலுக்கும் வழிகள் உண்டு. கட்டைவிரல் போனவருக்குக் கால் விரலை எடுத்துக் கையில் வைக்கிறார்கள். கேட்க விநோதமாக இருந்தாலும், பட்டன் போடவும் பேனா பிடிக்கவும் அது போதும்.

எல்லா நசுங்கிய விரலையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பல மாதம் சிகிச்சை எடுத்து, கடைசியில் மடங்காத, உணர்ச்சியில்லாத விரலாக நின்றால், அது மற்ற விரல்களுக்கும் இடைஞ்சல். ஒரு நுனியை விட்டுவிட்டு மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்புவது சிலருக்கு நல்ல முடிவாக இருக்கும். மருத்துவர் அப்படிச் சொன்னால் அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமல்ல. என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லி முடிவெடுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

ஆபரேஷன் நன்றாக முடிந்தும் கை வீணாவது ஒரு இடத்தில் நடக்கிறது. ‘ரெஸ்ட்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டு, காயம்படாத விரல்களையும் அசைக்காமல் வைத்திருப்பார்கள். விரல் கணுக்கள் சீக்கிரமே இறுகிப்போகும். எந்த விரலை அசைக்கக் கூடாது, எதை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, பிறகு சொல்லித்தந்த பயிற்சியை தினமும் பல தடவை செய்வது... ஆபரேஷனுக்குச் சமமாக இதுவும் சிகிச்சைதான். கடை கண்ணிக்குப் போக முடிந்தவர்கள்கூட பிசியோதெரபிக்குப் போக அலுத்துக்கொள்வது ஏனென்று தெரியவில்லை.

பயிற்சிக்குப் பெரிய கருவி வேண்டாம். சப்பாத்தி மாவைப் பிசையலாம். தட்டில் கொட்டிய புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடலாம். சட்டை பட்டனைத் தானே போட்டுப் பார்க்கலாம். உணர்ச்சி திரும்பும்போது முதலில் எரிச்சலும் கூச்சமுமாகத்தான் வரும். தைத்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. உள்ளங்கையில் அறுந்தது விரல் நுனியை எட்ட மாதங்கள் ஆகும். ஒட்டவைத்த விரலுக்குக் குளிர் ஆகாது. மார்கழிக் காலையிலும், ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதும் அது மட்டும் வெளிறி விண்விண்ணென்று தெறிக்கும். பலருக்கு வருடக்கணக்கில் இது இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, வெதுவெதுப்பான இன்னொரு கைக்குள் கொஞ்ச நேரம் பொத்தி வைத்தால் அடங்கிவிடும்.